முள்ளைத் திருப்பும்போது உள்ளே என்ன நடக்கிறது?

கல்லாற்றில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் கைக்கடிகாரம் 12 மணி காட்டாது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள், 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்குமுன் வண்டியை நிறுத்தி ஆற்றில் கால் நனைக்கிற ஊர் இது. அங்கே ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழல் மிகவும் குறுகும் கணத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். ஆண்டுச் சராசரியாக மணி 12.21 ஆகியிருக்கும். பிப்ரவரி நடுவில் பார்த்தால் 12.35 தாண்டியிருக்கும். நவம்பர் தொடக்கத்தில் பார்த்தால் 12.05தான் ஆகியிருக்கும்.

கடிகாரத்தில் குறை எதுவும் இல்லை. இந்திய நேரம் என்று நாம் வைத்துக்கொள்வது மிர்சாப்பூருக்கு அருகே ஓடும் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். கல்லாறு 77 பாகையைச் சற்றே தாண்டி இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் ஏறக்குறைய 21 நிமிட இடைவெளி வந்துவிடும். மாதத்துக்கு மாதம் இந்த இடைவெளி கூடிக் குறைவதற்குக் காரணம் பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும். இந்த வேறுபாட்டையும் முகப்பில் காட்டும் கடிகாரங்களைச் செய்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை சுற்றும் சிறுநீரக வடிவத் தகடு ஒன்று உள்ளே இருக்கும். அதன் விளிம்பைத் தடவியபடி நகரும் நெம்புகோல், சூரியன் இன்று எத்தனை நிமிடம் முந்துகிறது, எத்தனை நிமிடம் பிந்துகிறது என்பதைத் தனி முள்ளால் காட்டும்.

எவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்டாலும் சக்கரக் கடிகாரத்துக்கு நேரம் தெரியாது. அது அதிர்வுகளை எண்ணுகிறது, அவ்வளவுதான். எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்று வெளியிலிருந்து யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். வழி தவறினால் திருத்தவும் வேண்டும். அதனால் நேரத்தைக் காட்டும் பொறிக்கு எவ்வளவு மூளை செலவிட்டார்களோ, அதற்குக் குறையாத மூளையைத் திருத்தும் பொறிக்கும் செலவிட்டிருக்கிறார்கள். டயலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் அந்த இரண்டாவது பொறியைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

திருவனந்தபுரத்தில் நேரத்தைத் திருத்திக் கொடுக்கும் வேலையை ஒரு காலத்தில் வானம் செய்தது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் அங்கே ஒரு வானாய்வகத்தைத் தொடங்கி, ஜான் கால்டிகாட்டை அதன் தலைவராக்கினார். வானாய்வகம் என்றால் தொலைநோக்கி மட்டும் இல்லை. குறிப்பிட்ட விண்மீன் தெற்கு வடக்குக் கோட்டைக் கடக்கும் கணத்தைக் குறித்து, அதற்கேற்பக் கடிகாரத்தின் பிழையைக் கண்டுபிடிக்கும் இடமும் அதுதான். கால்டிகாட்டுக்குப் பின் 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன் 1855இல் அகத்தியர் மலை உச்சியிலும் ஓர் ஆய்வகம் அமைத்தார். கல்லாறு, விதுரா, போணக்காடு பக்கத்து மக்கள் தினமும் அண்ணாந்து பார்க்கிற அதே அகத்தியர்கூடம்தான். 1868 மீட்டர் உயர மலைக்குக் கருவிகளைச் சுமந்து ஏற்றியது, பூமியின் காந்தப்புலம் உயரத்தில் எப்படி மாறுகிறது என்பதைக் கீழே திருவனந்தபுரத்தில் எடுக்கும் அளவுகளோடு ஒப்பிடத்தான். அப்படி ஒப்பிட வேண்டுமானால் மலையில் இருக்கும் கடிகாரமும் நகரத்தில் இருக்கும் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். காந்த ஊசியைப் படிப்பவருக்கு நேரம் தவறினால் அன்றைய உழைப்பே வீண்.

சுவாதித் திருநாள் காலத்து இன்னொரு சாட்சி பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே, பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தபடி இன்றும் நிற்கிறது. மேத்தன் மணி. தாடி வைத்த ஒரு முகம், இரு பக்கமும் இரண்டு ஆட்டுக் கிடாக்கள். மணி அடிக்கும்போது முகம் வாயைத் திறக்கும். கிடாக்கள் ஓடி வந்து கன்னங்களில் முட்டும். கால்டிகாட்டின் மேற்பார்வையில் குளத்தூக்காரன் என்ற கைவினைஞர் செய்தது என்று நகரத்தார் சொல்வார்கள். நேரத்தைக் காட்டுவதற்கு முள் ஒன்றுதான் வழி என்று இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட அழகான சான்று நம் பக்கத்தில் கிடையாது. இத்தகைய மணிப்பொறிகளில் நேரத்தை எண்ணும் சக்கரத்தொடர் ஒன்று, ஓசையும் அசைவும் தரும் தொடர் இன்னொன்று. முதலாவது எப்போதும் மெல்ல நடந்துகொண்டிருக்கும். இரண்டாவது தாழிட்டுக் காத்திருக்கும். மணிக்கு ஒரு முறை முதல் தொடரில் உள்ள ஒரு முளை அந்தத் தாழை விடுவிக்கும். இரண்டாவது தொடர் தன் வேலையை முடித்துவிட்டு மறுபடி தானே பூட்டிக்கொள்ளும்.

தாழிட்டுக் காத்திருப்பது, கணத்தில் விடுபடுவது, மீண்டும் பூட்டிக்கொள்வது: இந்த மூன்றையும் கைக்கடிகாரத்தின் தேதிப் பொறியில் மறுபடி பார்ப்போம். அதற்கு முன் முட்கள்.

சாவி கொடுக்கும் வாட்ச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுருட்டி வைத்த மெயின்ஸ்பிரிங் விரிய முயல்கிறது. அதன் விசை மூன்று நான்கு சக்கரங்கள் வழியாகக் கைமாறி எஸ்கேப் சக்கரத்துக்கு வருகிறது. அங்கே பேலட் என்ற கவை அதை ஒவ்வொரு பல்லாகத் தடுத்துத் தடுத்து விடுகிறது. எப்போது விட வேண்டும் என்று சொல்வது பேலன்ஸ் சக்கரமும் முடிபோல் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கும். நம் ஊர்களில் அதிகம் புழங்கிய வாட்சுகள் மணிக்கு 18,000 அடி, அதாவது விநாடிக்கு 5 அடி. எஸ்கேப் சக்கரத்துக்கு 15 பல் இருந்தால், ஒரு பல்லுக்கு இரண்டு அடி வீதம், அது 6 விநாடிக்கு ஒரு முறை சுற்றும். ஒரு நாளைக்கு மொத்தம் 4,32,000 அடி. நாளைக்கு 20 விநாடி தவறும் வாட்சைப் பலர் பழுது என்று ஒதுக்குவார்கள். அந்தத் தவறு 4,320இல் ஒரு பங்கு. கைவெப்பத்திலும் குலுக்கலிலும் எண்ணெய் காய்ந்த நிலையிலும் ஒரு சிறு சுருள்கம்பி 99.97 விழுக்காட்டுக்கு மேல் சரியாக எண்ணுவதை நான் வியப்போடுதான் பார்க்கிறேன்.

சக்கரத்தொடரின் நடுவில் மணிக்கு ஒரு முறை சுற்றும் அச்சு ஒன்று உண்டு. அதுதான் நிமிட முள்ளைச் சுமக்கிறது. அதே சுற்றிலிருந்து 12 மணி நேரத்துக்கு ஒரு சுற்று எடுக்க, டயலுக்கு அடியில் சிறிய பல்சக்கரக் கூட்டம் ஒன்று வேண்டும். எடுத்துக்காட்டாக 10 பல் சக்கரம் 30 பல் சக்கரத்தைத் தள்ளினால் வேகம் மூன்றில் ஒரு பங்கு. அந்த 30 பல் சக்கரத்தோடு ஒட்டிய 8 பல் சக்கரம் 32 பல் சக்கரத்தைத் தள்ளினால் மறுபடி நான்கில் ஒரு பங்கு. மூன்றும் நான்கும் பெருக்கினால் 12. மணி முள் தயார்.

இனிதான் சிக்கல். நிமிட முள் அச்சோடு பற்றவைத்ததுபோல் இறுகியிருந்தால் நேரத்தைத் திருத்தவே முடியாது. நாம் முள்ளைத் திருப்ப முயன்றால் முழுச் சக்கரத்தொடரும் எதிர்க்கும். வலுக்கட்டாயமாகத் திருப்பினால் பேலட்டின் கல் உடையும். தளர்வாக இருந்தாலோ உள்ளே எல்லாம் ஓடும், முள் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். கடிகாரத்தோடு போக வேண்டும், கையால் திருப்பினால் கைக்கு இணங்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு கட்டளைகளையும் நிறைவேற்றுவது கேனன் பினியன் என்ற சிறு குழாய். நடு அச்சின் மேல் உராய்வால் மட்டுமே பிடித்துக்கொண்டு அது உட்கார்ந்திருக்கும். விரலோடு கூடவே போகிற, ஆனால் திருகினால் சுழல்கிற மோதிரத்தைப் போல. குழாயின் பக்கத்தில் லேசாக ஓர் அழுத்துப்பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் உள்ளே அச்சின் காடியில் சொடுக்கென்று பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி எவ்வளவு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

வாட்ச் பழுதுபார்ப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். 'டிக் டிக் கேட்குது, ஆனா மணி பின்தங்குது' என்று ஒருவர் கொண்டுவந்தால் அவர்கள் முதலில் பார்ப்பது பேலன்சை அல்ல, இந்தக் குழாயைத்தான். முள்ளைத் திருப்பும்போது விரலுக்கு எந்தத் தடையும் தெரியாமல் வழுக்கினால் நோய் அங்கேதான். குழாயைக் கழற்றி, கருவியால் ஒரு மயிரிழை அழுத்தி, துளி மசகு வைத்து மாட்டினால் வாட்ச் பிழைத்துவிடும்.

பார்வையற்றவர்களுக்காக எச்எம்டி நிறுவனம் பிரெய்ல் வாட்சுகள் செய்தது. கண்ணாடி மூடியைத் திறந்து, புடைத்த புள்ளிகளையும் முட்களையும் விரலால் தடவி நேரம் அறியலாம். தடவிய விரலுக்கு முள் நகர்ந்துவிட்டால் நேரம் தெரிந்துகொள்ளும் செயலே நேரத்தைக் கெடுத்துவிடும். முட்களும் உறுதியாக இருக்க வேண்டும், இந்த உராய்வுப் பிடியும் போதுமான வலுவோடு இருக்க வேண்டும். நேரம் காட்டுவது என்ற சொல்லுக்குள் இப்படியும் ஒரு பொறியியல் அடங்கியிருக்கிறது.

முள்ளைத் திருப்ப நம் கையில் இருப்பது பக்கத்தில் துருத்தும் சிறு குமிழ். அதையே திருகினால் ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. இழுத்துத் திருகினால் முள் நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை இதற்குத் தனிச் சாவி வேண்டியிருந்தது. அந்தச் சாவி தொலைந்தால் கடிகாரம் ஊமை. சாவித்துளை வழியே தூசி வேறு. 1840களில் பிரான்சில் அத்ரியன் ஃபிலிப் என்பவர் குமிழாலேயே இரு வேலையும் செய்யும் அமைப்பை உருவாக்கினார். குமிழின் தண்டில் ஒரு சதுரப் பகுதி. அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் சிறு பல்சக்கரம். குமிழை அழுத்தி வைத்தால் அந்தச் சக்கரம் ஒரு பக்கம் பற்றி ஸ்பிரிங்கை முறுக்கும். இழுத்தால் நெம்புகோல் அதை மறுபக்கம் தள்ளி, முள்ளின் சக்கரக் கூட்டத்தோடு சேர்க்கும். இழுக்கும்போது விரலுக்குத் தட்டுப்படும் 'க்ளிக்', அந்த நெம்புகோல் ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்குத் தாவும் ஓசை.

கல்லாறு போன்ற மழைக்காட்டு ஊரில் முதலில் கெடுவதும் இந்த இடம்தான். ஈரம் உள்ளே நுழையும் வாசல் குமிழ். அதன் ரப்பர் வளையம் இறுகிப்போனாலோ, குமிழை இழுத்தபடி மறந்துவிட்டாலோ, வியர்வையும் தூறலும் தண்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும். டயலில் ஒன்றும் தெரியாது. தண்டிலும் அதை அடுத்த நெம்புகோலிலும் துரு பிடித்து, ஒரு நாள் குமிழ் கையோடு வந்துவிடும்.

நேரத்தைத் திருத்துவது ஒன்று, நடையைத் திருத்துவது வேறு. இன்று 3 நிமிடம் பின்தங்கிய முள்ளை முன்னே தள்ளலாம். ஆனால் அது தினமும் பின்தங்கினால் ஹேர்ஸ்பிரிங்கின் நீளத்தில் கை வைக்க வேண்டும். அதற்காகப் பேலன்சுக்கு மேலே ஒரு சிறு குச்சி போன்ற நெம்பு இருக்கும். அது சுருளின் செயல்படும் நீளத்தைக் கூட்டும், குறைக்கும். குறைத்தால் வேகம், கூட்டினால் தாமதம். வாட்ச் திடீரென நாளுக்குப் பல நிமிடம் முந்தத் தொடங்கினால் பெரும்பாலும் காந்தம் காரணம். ஒலிபெருக்கி, காந்தப் பூட்டு வைத்த பை, கைபேசி உறை, இவற்றின் பக்கத்தில் வைத்த வாட்சில் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருள் குட்டையானதுபோல் ஆகிவிடும். காந்தம் நீக்கும் கருவியில் சில விநாடி காட்டினால் சரியாகிவிடும். இதற்குப் போய் நெம்பைத் திருப்புவது கூடாத வைத்தியம்.

இப்போது தேதி. சுவிட்சர்லாந்தின் ரோலெக்ஸ் 1945இல் வெளியிட்ட டேட்ஜஸ்ட்தான், தானே முறுக்கேறும் கைக்கடிகாரத்தில் தேதியைச் சிறு சன்னலில் காட்டிய முதல் மாடல் என்று அறியப்படுகிறது. அமைப்பு எளிமையானது. மணி முள்ளின் சக்கரம் 12 மணிக்கு ஒரு முறை சுற்றுகிறது. அதைவிட இரண்டு மடங்கு பற்கள் கொண்ட ஒரு சக்கரத்தை அதனோடு இணைத்தால் அது 24 மணிக்கு ஒரு முறை சுற்றும். அந்தச் சக்கரத்தில் ஒரு விரல். டயலின் ஓரத்தைச் சுற்றி 31 எண்கள் அச்சிட்ட வளையம். அதன் உள்விளிம்பில் 31 பற்கள். இரவானதும் விரல் வந்து ஒரு பல்லைத் தள்ளும். வளையம் அங்கும் இங்கும் ஆடாதபடி ஒரு கூர்மூக்கு ஸ்பிரிங் இரண்டு பற்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். விரல் தள்ளத் தள்ள மூக்கு மேலேறும். உச்சியைத் தாண்டியதும் மறுபக்கம் சரிந்து, வளையத்தை அடுத்த எண்ணில் போட்டுப் பூட்டிவிடும். மேத்தன் மணியில் பார்த்த தாழ்தான், பத்துக் காசு அளவில்.

மலிவான அமைப்புகளில் இந்தத் தள்ளல் இரவு 10 மணிவாக்கில் தொடங்கி மெதுவாக நடக்கும். 11 மணிக்குச் சன்னலில் இரண்டு எண்களின் பாதி பாதி தெரியும். விலை கூடியவற்றில் ஒரு ஸ்பிரிங் நாளெல்லாம் சிறிது சிறிதாக விசையைச் சேர்த்து வைத்து, நள்ளிரவில் ஒரே கணத்தில் வளையத்தைத் தட்டிவிடும். கிழமையும் காட்டினால் இன்னொரு தட்டு. இரு மொழிகளில் கிழமை காட்டும் வாட்சுகளில் அந்தத் தட்டில் 14 பெயர்கள் இருக்கும். எச்எம்டியின் சில வாட்சுகளில் இந்தியும் ஆங்கிலமும் இப்படி மாறி மாறி வரும். ஒரு மொழியிலேயே நிற்க ஒவ்வொரு இரவும் தட்டு இரண்டு இடம் நகர வேண்டும். பின்னிரவில் விழித்திருந்து பார்த்தால் மற்ற மொழிப் பெயர் சன்னலைக் கடந்து போவது தெரியும்.

தேதியைத் திருத்துவதற்குப் பழைய வாட்சுகளில் ஒரே வழிதான்: முள்ளை 24 மணி நேரம் சுற்றி ஒரு நாள் நகர்த்துவது. பத்து நாள் பெட்டியில் கிடந்த வாட்ச் என்றால் விரல் வலிக்கும். பிறகு வந்ததுதான் குமிழைப் பாதி இழுத்துத் திருகினால் தேதி மட்டும் தாவும் வசதி. இந்த வசதிதான் இன்றுவரை அதிக வாட்சுகளைக் கெடுத்திருக்கிறது என்பது என் கருத்து. இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணி வரை, தேதி தள்ளும் விரல் வளையத்தின் பல்லுக்குள் நுழைந்திருக்கலாம். அந்த நேரத்தில் நாம் குமிழால் வளையத்தைத் தள்ளினால் ஒரே பல்லின் மேல் இரு பக்கத்திலிருந்தும் விசை. விரல் வளையும் அல்லது பல் முறியும். அதன் பிறகு தேதி பகலில் மாறும், அல்லது மாதத்தின் ஒரு குறிப்பிட்ட நாளில் மாறாமல் நிற்கும். முகப்பு 9 மணி காட்டினால் அது காலையா இரவா என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பது இன்னொரு ஆபத்து.

மாதங்கள் எல்லாம் 31 நாள் என்றே இந்த வளையம் நம்புகிறது. ஆகையால் மார்ச், மே, சூலை, அக்டோபர், டிசம்பர் ஆகியவற்றின் முதல் நாளில், ஆண்டுக்கு ஐந்து முறை, நாம் கை கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் திருத்தினால் போதும் என்ற கைக்கடிகாரத்தைப் பதேக் ஃபிலிப் நிறுவனம் 1996இல் கொண்டுவந்தது. நெட்டாண்டையும் தானே அறியும் பொறியை அதற்கு வெகு முன்பே, 1760களில், இங்கிலாந்தின் தாமஸ் மட்ஜ் செய்துவிட்டார். இவ்வகைப் பொறிகள் பலவற்றின் இதயம் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை சுற்றும் ஒரு தட்டு. விளிம்பில் 48 மாதங்களுக்கு 48 இடங்கள். 31 நாள் மாதத்துக்கு மேடு, 30 நாளுக்குச் சிறு பள்ளம், 28 நாள் பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம் மூன்று, 29 நாளுக்கு அதைவிட ஒரு படி குறைந்த பள்ளம் ஒன்று. நெம்புகோலின் மூக்கு அந்த ஆழத்தைத் தொட்டுப் பார்த்து, மாதக் கடைசியில் எத்தனை நாளைத் தாண்ட வேண்டும் என்று முடிவு செய்யும். ஆழத்தையே நினைவாக மாற்றிய கருத்து அது. 1985இல் ஐடபிள்யூசி நிறுவனத்தின் கர்ட் கிளாஸ் இந்த முழு நாட்காட்டியையும் ஒரே குமிழால் திருத்தும்படி செய்தார். ஆனால் அதை முன்னே மட்டும்தான் தள்ளலாம். கை தவறி இரண்டு நாள் கூடுதலாகத் தள்ளிவிட்டால் கடிகாரத்தை நிறுத்திவிட்டு உண்மையான தேதி வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த 48 இட நினைவுத் தட்டு நம் மாதங்களை நினைவில் வைத்துக்கொள்ளுமா? கல்லாற்றில் கேட்க வேண்டிய கேள்வி இது. மலையின் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் சுவரில் தமிழ் மாதக் காலண்டரும், கீழே ஊருக்குள் கொல்ல ஆண்டுக் காலண்டரும் தொங்குகின்றன. இரண்டுமே சூரிய மாதம். சூரியன் ஒரு ராசியில் இருக்கும் காலம்தான் மாதம். சனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் விரைந்து போகிறது. அதனால் மார்கழி சுமார் 29 நாள் 21 நாழிகையில் முடிந்துவிடும். சூலைத் தொடக்கத்தில் தொலைவில் மெல்லப் போகிறது. ஆனி சுமார் 31 நாள் 37 நாழிகை நீளும். முழு நாட்களாக்கும்போது ஆனி சில ஆண்டு 31, சில ஆண்டு 32. ஆனி 32 வரும் ஆண்டில் 31 பல் வளையம் முதல் அடியிலேயே தோற்றுவிடும். 32 பல் வேண்டும்.

அதைச் செய்துவிடலாம். அடுத்த தடை பெரியது. பஞ்சாங்க மரபுப்படி ஆண்டின் நீளம் 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை. 15 நாழிகை என்பது கால் நாள்; ஆகவே நான்கு ஆண்டுக்கு ஒரு சுற்று என்ற தட்டு ஏறக்குறைய பொருந்தும். மிச்சம் இருக்கும் 31 விநாழிகைதான் தொல்லை. அது சேர்ந்து கால் நாளாக 29 ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் 12 மாதப் பிறப்புகளும் ஒவ்வொன்றாக ஒரு நாள் தள்ளிப்போகும். கணக்குப் போட்டால் சராசரியாக இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை, தட்டில் ஏதோ ஓர் இடத்தின் ஆழம் பொய்யாகும். கிரெகோரியன் தட்டு 2100 மார்ச் 1 வரை பொய் சொல்லாது. தமிழ்த் தட்டு மூன்றாம் ஆண்டிலேயே சொல்லத் தொடங்கும்.

இதற்கு மேல் இன்னொன்று. சங்கிரமணம், அதாவது சூரியன் அடுத்த ராசிக்குள் நுழைவது, சூரியன் மறைவதற்கு முன் நடந்தால் அன்றே மாதத்தின் முதல் தேதி என்பது தமிழ்நாட்டு வழக்கு. கேரளத்தில் பகலை ஐந்தாகப் பிரித்து, மூன்று பங்கு முடிவதற்குள், அதாவது ஏறக்குறைய பிற்பகல் 1.12க்குள், நடந்தால்தான் அன்று, பிந்தினால் மறுநாள். அதே சூரியன், அதே ராசி, ஆனால் மலையின் இரு பக்கமும் சில மாதங்களில் தேதி ஒரு நாள் வேறுபடும். ஒரே வீட்டில் இரு காலண்டரும் இருந்தால் இரண்டுக்கும் இரண்டு தட்டு வெட்ட வேண்டும். எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட இந்தியப் பஞ்சாங்க அட்டவணைகள் பல தொகுதிகளாக விரிந்ததன் காரணம் இதிலிருந்து புரியும். இந்த நாட்காட்டிக்கு நினைவுத் தட்டு போதாது. மாதத்துக்கு மாதம் நாழிகையைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டே போகிற கூட்டல் பொறி வேண்டும். சக்கரங்களால் கூட்ட முடியும் என்பது பல நூற்றாண்டுகளாகத் தெரிந்ததுதான். மிச்ச நாழிகையைச் சுமக்கும் ஒரு சக்கரமும், அது எல்லையைத் தாண்டினால் மாதத்தை ஒரு நாள் நீட்டும் ஒரு நெம்பும் போதும். ஆனி 32ஐத் தானே காட்டும் கைக்கடிகாரம் இந்திய வாட்ச் தொழில் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தத் திறமை நம்மிடம் இல்லாமல் இல்லை. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் எச்எம்டி வாட்ச் செய்யத் தொடங்கியது. சாவி கொடுக்கும் ஜனதா, கோஹினூர், பைலட் என்ற பெயர்கள் இந்தியா முழுக்கத் திருமணப் பரிசாகவும் ஓய்வுபெறும் நாளின் பரிசாகவும் போய்ச் சேர்ந்தன. 1980களில் ஓசூரில் டாட்டாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், குவார்ட்ஸ் வாட்சுகளோடு சந்தையைப் பிடித்தது. குவார்ட்ஸில் நேரத்தை எண்ணுவது விநாடிக்கு 32,768 முறை அதிரும் படிகம். ஆனால் முள்ளும் தேதி வளையமும் அங்கேயும் பல்சக்கரங்கள்தான். இரவு நேர எச்சரிக்கை அவற்றில் பலவற்றுக்கும் பொருந்தும். எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. அதன் வாட்சுகளைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன.

உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒன்று கிடந்தால் உடனே சாவி கொடுக்காதீர்கள். உள்ளே காய்ந்த எண்ணெய் பசையாகியிருக்கும். அந்த நிலையில் ஓட்டினால் அச்சு முனைகள் தேயும். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கழுவி எண்ணெய் இடச் சொல்லுங்கள். குமிழின் ரப்பர் வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள். பிறகு தேதி வைக்கும்போது இந்த வரிசையைப் பின்பற்றுங்கள். முதலில் முட்களை முன்னோக்கித் திருப்பி 6.30இல் நிறுத்துங்கள், அங்கே விரல் வளையத்தைத் தொடாது. நேற்றைய தேதியை வையுங்கள். பின்பு முட்களை முன்னோக்கியே நகர்த்தி, இன்றைய தேதி வந்து விழும்வரை போங்கள். தேதி விழுந்த இடம் நள்ளிரவு. அதிலிருந்து இப்போதைய நேரத்துக்கு வாருங்கள். பிற்பகல் என்றால் 12 மணியை இன்னொரு முறை தாண்ட வேண்டும். நள்ளிரவைத் தாண்டி முட்களைப் பின்னோக்கித் திருப்ப வேண்டாம். முடித்ததும் குமிழை உள்ளே அழுத்திவிட்டீர்களா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.